பைக்குள் இருந்த மாலை

மேடையில் என் மகன் மாலைக்காக ஆடிக்கொண்டு நின்றபோது, அந்த மாலையை நான் என் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். நான் செய்தது இதுதான்.

மகன் அந்தோனி, பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் படகு எஞ்சினைக் களவெடுத்து விற்றுச் சிறைக்குப் போனவன். வெளியே வந்ததும் ஒரு பெண்பிள்ளை அவனைத் தேடி வந்தாள். சிறையிலிருந்து வந்தவர்களைச் சேர்த்து நாட்டுக்கூத்துப் பழக்குகிறார்களாம். பாடி ஆடினால் மனிதன் திருந்துவானாம். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள்; எனக்கே சிரிப்பு வந்தது.

"பிள்ளை, எங்கடை குருநகரிலை கூத்தாடாத கள்ளன் ஆர்?" என்று கேட்டேன். அவள் கோபிக்காமல் தேநீரைக் குடித்து முடித்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எஞ்சின் கள்ளனுக்கு ராசா வேடம்... வீட்டில் அவன் பாட்டை முணுமுணுத்தால், "ராசா, முதலிலை மீனை வெட்டித் தாங்கோ" என்பேன். அவன் சிரித்துக்கொண்டே வெட்டித் தருவான்.

கூத்தன்று சந்தையில் மல்லிகை மாலை ஒன்று கட்டுவித்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்துக் கூத்தில், வேடக்காரன் முதன்முதல் மேடைக்கு வரும்போது வீட்டார் ஏறி மாலை போடுவார்கள். அதுவரை கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் வரவுப்பாட்டை நிறுத்தமாட்டார். கஞ்சா விற்றவனின் பெண்சாதிகூட வெட்கமில்லாமல் ஏறிப் போட்டுவிட்டு வந்தாள்.

பிறகு ராசா வந்தான். காகித முடி, மினுங்கும் உடுப்பு. பாட்டு முடிந்தது. யாரும் ஏறவில்லை. அண்ணாவியார் திரும்பவும் எடுத்தார். அவன் திரும்பவும் ஆடினான். பிறகும் எடுத்தார்... முகத்துப் பூச்சு வேர்வையில் வழிந்தது.

பின்னாலிருந்து பிலோமினா குனிந்தாள். "அக்கா, ராசா களைச்சுப்போனார். எழும்புங்கோவன்."

நக்கலா, இரக்கமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எஞ்சினைப் பறிகொடுத்தவள் எனக்குப் புத்தி சொல்வதா! பையின் வாயை இறுக்கிப் பிடித்தேன். எழுந்தால் கள்ளனின் தாய் என்று சபை பார்க்கும். அந்தச் சபையில் அது தெரியாதவர் யார்? ஒருவருமில்லை. ஆனாலும் நான் எழும்பவில்லை.

கடைசியில் அந்தப் பெண்பிள்ளைதான் ஓடிப்போய்த் தன் சால்வையை அவன் கழுத்தில் போட்டாள். சனம் கைதட்டியது. எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. எவ்வளவு கேடுகெட்ட மனம், பாருங்கள்.

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டான். "அம்மா, நீங்கள் வந்தனீங்களோ?"

"இல்லை. முழங்கால் நோ."

துவாயால் முகத்தை அவசரப்படாமல் ஆறுதலாகத் துடைத்தான். "ஓம். உங்களை மாதிரி ஒராள் முன்னுக்கு இருந்தா."

சாப்பிட்டான், படுத்தான்.

மாலையைக் கிணற்றடி வாழைக்குக் கீழே புதைத்தேன். அவன் இப்போதும் கூத்துக்குப் போகிறான். எந்த ஊர், எந்த வேடம் என்று எனக்குச் சொல்வதில்லை. நானாகக் கேட்கவும் மாட்டேன். அந்த வீம்பு இன்னும் போகவில்லை. எங்காவது மத்தளம் கேட்டால் மட்டும், மடியில் பை இல்லாவிட்டாலும், என் கை தானாக இறுகிக்கொள்கிறது.