மேகத்துக்கு வழிகாட்டுபவர்

"நேரா போங்க. பெரிய அத்திமரம் வரும். அங்கேருந்து வடக்கே இருநூறு மீட்டர். அருவி உங்க மடியிலயே வந்து விழும், போங்க!"

கார் ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு டோன் ஓல்கர் கெசாதா வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்திமரம் விழுந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்த அருவிக்கு அவர் போனதே இல்லை. காரில் இருக்கும் இளம் ஜோடி நன்றி சொல்லிவிட்டுப் பன்றிப் பண்ணை இருக்கும் திசையில் உற்சாகமாகப் புறப்படுகிறது.

"அருவி நிஜமாவே அந்தப் பக்கமா, டோன் ஓல்கர்?" என்று நான் என் சாப்பாட்டுக்கடை ஜன்னலிலிருந்து கேட்கிறேன். டோன், டோன்யா என்பதெல்லாம் எங்கள் ஊர் 'ஐயா', 'அம்மா'.

"ஏதோ ஒரு பக்கம் இருக்கும்ல, டோன்யா மரியேலோஸ்? பாவம், எங்கேருந்தோ வந்து கேக்கறாங்க. தெரியாதுன்னு சொன்னா மனசு என்ன பாடுபடும்?"

யாருடைய மனசு என்று நான் கேட்பதில்லை. கோஸ்டா ரிக்காவில் பிறந்தவர்களுக்கு இது புரியும். முகத்துக்கு நேராக 'இல்லை' என்பது இங்கே கெட்ட வார்த்தைக்குச் சமம். என் எதிர்வீட்டுக்காரி பேரனுக்கு ஞானஸ்நானம் என்று அழைத்தால், "நான் வராம யார் வருவாங்க!" என்கிறேன். நான் வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். என்னைக் கணக்கில் சேர்க்காமல் சோறு வடிக்கிறாள். இரண்டு பேரும் இருபது வருடமாகச் சிநேகிதிகள். இந்த வியாதி எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது, டோன் ஓல்கருக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது.

ஐம்பத்தெட்டு வயது. குளிருக்குக் கம்பளிக் குல்லா, கௌரவத்துக்கு அதன்மேல் ஒரு வைக்கோல் தொப்பி. வீட்டில் 'ஜெனரல்' என்று ஒரு சொறிநாய். அதையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். "கொஞ்சம் வெளிய போறீங்களா, ஜெனரல்? நடுவீட்டுல இப்படிப் பண்ணலாமா நீங்க?" ஜெனரல் போகாது. அவரும் வற்புறுத்தமாட்டார்.

பிழைப்புக்கு மலையுச்சியில் எரிமலை காட்டுகிறார். கழுத்தில் உரிமம் தொங்கும் அசல் வழிகாட்டி. வெளியூர்க்காரர்கள் கைபேசியில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள்: பத்து நாளில் பார்த்தே தீரவேண்டிய பதினான்கு இடங்கள். அதில் அருவிக்கும் ஸ்லாத் என்கிற சோம்பேறி மிருகத்துக்கும் நடுவே எங்கள் எரிமலை இருக்கிறது. பட்டியல் போட்டவர்கள் எரிமலையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் அது மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. காசு கட்டி, மலையேறி, மூச்சு வாங்க வந்தவர்கள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளையைப் பார்க்கிறார்கள்.

வேறு வழிகாட்டியாக இருந்தால், "இன்னைக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று உதட்டைப் பிதுக்குவார். டோன் ஓல்கர் தொண்டையைச் செருமுவார். "இந்த மேகத்துக்குப் பின்னாடி, நல்லா கீழே, ஏரி இருக்கு. இன்னைக்குப் பச்சை. நேத்து கொஞ்சம் நீலம் அடிச்சுது. கரையோரமா கந்தகம், முட்டை மஞ்சக்கரு நிறம். இப்போ ஒரு குமிழி உடைஞ்சுது, பாத்தீங்களா?" ஆட்கள் தலையாட்டுவார்கள். ஒருவர் புகையைக்கூடப் பார்த்துவிட்டதாகச் சாதித்தார். அது அவருடைய மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவி.

எல்லோரும் இப்படித் தலையாட்டுகிற ஜாதியாக இருப்பதில்லை. யாரோ ஒரு புண்ணியவான் ஊர் திரும்பியதும் புகார் எழுதிப் போட்டார். சுற்றுலா அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒன்றும் தெரியாத நாளில், 'இன்று ஒன்றும் தெரியவில்லை' என்று வழிகாட்டி வந்தவர்களிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். அவர்கள் அதே சீட்டில் இன்னொரு நாள் வரலாம். ஒரு அதிகாரி நேரில் வந்து கேட்பார். சொல்லாதவர்களின் உரிமம் ரத்து.

மற்ற வழிகாட்டிகள் சிரித்துவிட்டுப் போனார்கள். டோன் ஓல்கர் என் கடை மேசையில் கடிதத்தை விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் வைத்த காபி ஆடை கட்டியது.

"இந்த வேலை போச்சுன்னா தோட்டத்துல ஸ்ட்ராபெரி பறிக்கத்தான் போகணும். குனிஞ்சா என் முட்டி நிமிராது, டோன்யா."

"ஒரு வாக்கியம்தானே? சொல்லிட்டுப் போங்களேன்."

"நீங்க சொல்லிப் பாருங்க, யார் முகத்தையாவது பாத்து."

ஒரு வாரம் என் கடையில் ஒத்திகை நடந்தது. நான்தான் சுற்றுலாப் பயணி. இடுப்பில் மாவுத் துணியோடு நின்று, "ஐயா, எரிமலை தெரியுமா?" என்பேன்.

"இன்னைக்கு அவங்க கொஞ்சம் வெக்கப்படறாங்க."

"தப்பு. மறுபடி."

"இன்னைக்கு… முழுசா தெரியுதுன்னு சொல்ல முடியாது."

"டோன் ஓல்கர்!"

"ஒரு அரைமணி பொறுத்தா, கடவுள் மனசு வச்சா…"

நான்காம் நாள் வறுத்த வாழைக்காயைத் தட்டோடு பிடுங்கிக்கொண்டேன். அப்போதும் அந்த வாக்கியம் வரவில்லை. உள்ளுக்குள் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. இந்த மனுஷன் நாகரிகத்தாலேயே பட்டினி கிடப்பார் என்று தோன்றியது.

போன செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். பெயர் காம்போவா. பயணி வேஷத்தில்தான் வந்தார், ஆனால் சேறு மிதிக்கிற மலைக்குப் பளபளக்கும் தோல் செருப்பு போட்டு வருகிற பயணி கிடையாது. சட்டைப்பையில் மடித்த படிவம் எட்டிப் பார்த்தது. நான் கடையைச் சாத்திவிட்டுக் கூட்டத்தோடு மேலே போனேன்.

அன்றைக்கென்று மேகம் சுவராக நின்றது. கூட்டத்தில் ஒரு கிழவி, டோன்யா எதுவிகெஸ். வெயில் கொளுத்தும் நிகோயாவிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்தவள். குளிர் என்றால் என்னவென்று தெரியாமல் இரண்டு ரவிக்கையும் தலையில் ஒரு துவாலையுமாக நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"எம் புருஷன் முப்பது வருஷமா கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு" என்று என்னிடம் சிரித்தாள். அவரும் எங்கள் ஆள்தான்.

கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் டோன் ஓல்கரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கப்பா எரிமலை? தெரியுமா, மகனே?"

காம்போவா பேனாவை எடுத்தார். நான் மனதுக்குள் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். டோன் ஓல்கர் தொப்பியைக் கழற்றினார், குல்லாவையும் கழற்றினார். சாவு வீட்டில் நிற்பவர் போல இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா. இன்னைக்கு ஒண்ணும் தெரியல."

சொல்லிவிட்டார்! தெளிவாக, ஒரே வாக்கியத்தில். எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. காம்போவா படிவத்தில் பெரிதாக ஒரு குறி போட்டார். உரிமம் பிழைத்தது. ஆனால் டோன் ஓல்கரின் கண் நிறைந்துவிட்டது. அரசாங்கம் கேட்ட உண்மையைச் சொல்லி ஒரு கிழவியை அடித்துப்போட்டவர் போல அவர் நின்றார்.

கிழவி அவரைப் பார்த்தாள். அவளும் இந்த நாட்டில் பிறந்து எழுபத்து நான்கு வருடம் இந்த நாட்டுச் சோறு தின்றவள். ஒரு ஆண்பிள்ளை தன்னால் கண் கலங்கி நிற்பதை அவளால் எப்படிப் பொறுக்க முடியும்?

"யார் சொன்னா தெரியலன்னு?" என்றாள். "எனக்குத் தெரியுதேப்பா! எவ்ளோ அழகு! அதோ, பச்சப்பசேல்னு."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர், "ஆமாமா, இப்போ தெரியுது" என்றார்கள். மூன்றாமவர் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். நானும், கடவுள் மன்னிக்கட்டும், "ஜம்முனு இருக்கு" என்றேன்.

எல்லோரும் காம்போவாவைப் பார்த்தோம். கிழவி அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியலையா, தம்பி?"

அந்த மனுஷன் படித்தவர், தலைநகரத்துக்காரர், உத்தரவைக் கையில் வைத்திருப்பவர். வெள்ளையைப் பார்த்தார். கிழவியின் முகத்தைப் பார்த்தார். படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தார்.

"தெரியாம என்னம்மா?" என்றார். "ஏரி எந்தப் பக்கம்?"

கிழவி துவாலைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். விரல் நேராகக் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டியது.

டோன் ஓல்கர் குல்லாவைப் போட்டு, அதன்மேல் தொப்பியைப் போட்டு, முன்னால் வந்தார். அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து இடப்பக்கம், ஏரி நிஜமாகவே இருக்கிற திசைக்குத் திருப்பினார், பிறகு கொஞ்சம் கீழே இறக்கினார்.