நண்டுப் பெட்டி மேல உக்காந்து நான் சொன்ன பொய்

கரக்... கரக்... கரக்...

ஓலப்பெட்டிக்குள்ள உயிர் நண்டு சுரண்டுத சத்தம் இது. பெட்டி மூடி மேல நான் உக்காந்திருக்கேன். சேலையால நாலு பக்கமும் மறைச்சிருக்கேன். எதுக்க சர்வே ஆபீசர் நிக்காரு.

எழுபதுகள்ல நடந்தது. புது ஹார்பருக்குக் கல்லு லாரி போய்க்கிட்டே இருந்த சமயம். எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டாம் வருசம்.

எங்க ஊருக்குத் தெக்க ஒரு கழி கெடந்துச்சு. வயக்காட்டுலயிருந்து வார ஓடை கடல்ல சேருத எடம். முட்டளவு தண்ணி, கரையெல்லாம் கண்டல் செடி. எங்க வீட்டு ஆம்பளைய சங்கு குளிக்கப் போறவங்க. காத்துக் காலத்துல வள்ளம் எறங்காது. அப்போ எங்க அடுப்பு எரிஞ்சது இந்தக் கழியாலதான். நண்டு, மட்டிச் சிப்பி, மடவை மீனு... பொம்பளைய நாங்க தண்ணிக்குள்ள கையால தடவியே பிடிப்போம்.

மழைக்காலம் முடியப்போற நேரம் பூநாரை வந்து எறங்கும் பாருங்க... தூரத்துல நின்னு பாத்தா ரோஸ் கலர் சேலைய வரிசையா காயப்போட்ட மாதிரி இருக்கும். அதுக ஒரு ஓரம், நாங்க ஒரு ஓரம். ஒருத்தர ஒருத்தர் தொந்தரவு பண்ணுனதே இல்ல.

கழிய அளக்க ஆபீசர் வாராருன்னு தெரிஞ்சதும், ஊர்த் தலைவர் சூசை மாமா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல வச்சே சொல்லிட்டாரு.

"கழில ஏதும் கெடைக்குன்னு எவனும் வாயத் தெறக்கக் கூடாது. தெரிஞ்சா கவர்மெண்டுல ஏலம் விட்ருவான். பெறவு வெளியூர்க்காரன்ட்ட கைகட்டி நிக்கணும், பாத்துக்கிடுங்க."

என் மைனி பிலோமி மட்டும் கேட்டா. "அப்போ நீங்க அங்கன எதுக்குப் போறியன்னு கேட்டா என்ன சொல்ல, மாமா?"

"கால் கழுவப் போனேன்னு சொல்லுளா."

எல்லாரும் சிரிச்சாவ. நானுந்தான் சிரிச்சேன்.

மறுநாளே ஆபீசர் வந்துட்டாரு. நானும் மைனியும் அப்பந்தான் கரையேறியிருக்கோம். நல்ல மனுசன்தான். பொறுமையா கேட்டாரு.

"இங்க என்னம்மா கிடைக்குது?"

"ஒண்ணும் கெடைக்காது சார். வெறும் சகதி."

"பறவை ஏதும் வருமா?"

"எங்க சார் வருது..."

கீழ நண்டு கரக்குன்னுச்சு. மைனி சத்தமா இருமுனா.

அவரு நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. பெறவு ஊர்க் கணக்கு பாக்குத கர்ணம் அத வாசிச்சுக் காட்டுனாரு. யாருக்கும் உபயோகம் இல்லாத தரிசாம்.

அடுத்த கோடையில உப்பளத்துக்காரன் வந்துட்டான். கழி வாயில மண்ணக் கொட்டி அடைச்சான். கடல்லயிருந்து ஏறி வந்த மடவைக் குஞ்சு அந்த மண்ணுல முட்டி முட்டிச் செத்து ஒதுங்குச்சு. அந்த வருசமும் பூநாரை வந்துச்சு... மேல சுத்துச்சு, சுத்துச்சு... எறங்காமலே போயிட்டு.

மனு எழுதி ஆபீசுக்குக் கொண்டு போனோம். "உபயோகம் இல்லன்னு நீங்களே சொல்லிட்டு இப்போ எதுக்கு அழுதிய?"ன்னு கேட்டாவ.

நண்டு பிடிச்ச அதே எடத்துல மைனி உப்பு சுமந்தா. சாவுற வரைக்கும் சுமந்தா.

சூசை மாமா காசு வாங்கிட்டாருன்னு நெறய பேரு சொன்னாவ. வாங்கல. எனக்குத் தெரியும். வாங்கியிருந்தா என் கோவம் கொஞ்சம் லேசாயிருக்கும். தன்னப் பெரிய புத்திசாலின்னு நெனச்சுக்கிட்டு ஊரு வாயையே கட்டுனாரு. அதுக்குப் பெறவு அந்த மனுசன்ட்ட நான் ஒரு வார்த்த பேசல. அவர அடக்கம் பண்ணும்போது எல்லாரும் குழில ஒரு பிடி மண்ணு போட்டாவ. நான் போடல. எங்க கழில கொட்டுன மண்ணு போதும்னு நின்னேன்.

என் மேல உள்ள கோவத்த எங்க கொண்டு போட?

இப்போ எதுக்கு இத எழுதுதேன்னா... கழில தெக்கு மூல மட்டும் இன்னும் அடைபடாம மிச்சம் கெடக்கு. அத கவர்மெண்டுல யாருக்கும் குடுக்காம அப்படியே காப்பாத்தி வைக்கப் போறாங்களாம். போன வாரம் ஆபீசுலயிருந்து ஒரு பிள்ள விசாரிக்க வந்தா. அவ வாரதுக்கு முந்தியே என் மூத்த மகன் சொல்லுதான்...

"எம்மா, பறவை வருதுன்னு வாய விட்றாத. வேலி போட்டு நம்மள உள்ள விட மாட்டான்."

அதே பேச்சு. ஆளுதான் வேற. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுச்சு.

அந்தப் பிள்ள கையப் பிடிச்சுக் கழிக்கே கூட்டிட்டுப் போயிட்டேன்.

"எழுதிக்கோ தாயி. இங்கன இப்போ திரும்பவும் பூநாரை வருது, உள்ளான் குருவி வருது. மழைத்தண்ணி கடலுக்குப் போவ இந்த ஒரு வழிதான் மிச்சம். மத்ததெல்லாம் அடைச்சதாலதான் மழைக்கு மழை எங்க வீட்டுக்குள்ள தண்ணி நிக்கு. இன்னைக்கும் எங்க பொம்பளைய இங்கனதான் நண்டு பிடிக்காவ. எங்கள வெளிய நிறுத்தி வேலி போட்டா அதுக்கும் சண்டைக்கு வருவேன். அதையும் எழுது."

எழுதுனா. அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவ நான்... ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் அவள விட்டேன்.

அப்போ கழி முழுசா கெடந்துச்சு, எங்களுக்கு வாய் இல்ல. வாய் வந்த நேரம் கழி ஒரு மூலையா சுருங்கிட்டு.

மகன் நாலு நாளா என்கூட பேசல. பேசாட்டாப் போறான். சூசை மாமாட்ட அவரு சாவுற வரைக்கும் பேசாம இருந்தவ நான்... நாலு நாளெல்லாம் எனக்கு என்ன.