பால்ச்சாமி தன் வீட்டுக்குக் கட்டிய வேலி

தளவாய்புரம் பால்ச்சாமிக்கு வேலி கட்டுவதுதான் பிழைப்பு. ராஜபாளையத்துக்கு மேற்கே மாந்தோப்புகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பிளாட்டுகளிலும் அவர் நட்ட கல்லுக்கால் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. காட்டுப்பன்றி முட்டினால் பன்றிக்குத்தான் மூக்கு உடையும் என்பார். கொஞ்சம் வாய் அதிகம்தான், ஆனால் சொன்னது பொய்யில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டைச் சுற்றி ஒரு முள்கூடக் கிடையாது. காரணம் தம்பி விக்னேஷ்வரன். வயது இருபத்தெட்டு, பேச்சும் மனசும் ஐந்து வயதுப் பிள்ளையினுடையது. அம்மா போனபின் அவனை வளர்த்தவள் பால்ச்சாமியின் மனைவி ஈஸ்வரி. விடிந்ததும் மெயின் ரோட்டுக்குப் போய் வருகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுவதுதான் அவனுக்கு உலகத்திலேயே பெரிய சந்தோஷம். அதைக் கெடுக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை.

போன ஐப்பசியில் ஒரு டிப்பர் லாரி அவனை உரசுகிற மாதிரி வந்து நின்றது. டிரைவரே அவனைக் கையைப் பிடித்து வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கொடுத்த செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத்தான் அந்த மனிதர் கிளம்பினார்.

அன்றைக்குத்தான் ஈஸ்வரி வாயைத் திறந்தாள். “ஊருக்கெல்லாம் வேலி கட்டுதீய. நம்ம வீட்டுக்கு ஒண்ணு கட்டக் கை வலிக்கா? எத்தன நாளைக்குத்தான் நான் பதறிக்கிட்டுத் தேடுவேன்?”

“அவன் என்ன ஆடா மாடா, அடைச்சுப் போட?” என்று கத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கத்தினாரே தவிர அன்றைக்கு மதியச் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார்.

அப்போது வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், மகாலட்சுமி டீச்சர் வீட்டில். இங்கிலீஷ் டீச்சர், முப்பது வயதுகூட இருக்காது. பொழுது போகாமல் பால்ச்சாமி கேட்டார், “டீச்சர், வேலியப் பென்சு பென்சுங்கோமே, அது எப்படி வந்த பேரு?”

“டிஃபென்ஸ்ங்கிறதோட தலையை வெட்டினா ஃபென்ஸ், அண்ணாச்சி. முதல்ல அது கம்பிக்கும் கல்லுக்கும் பேரு இல்ல. ஒருத்தரைக் காப்பாத்துற காரியத்துக்குத்தான் பேரு. பொறவுதான் வேலிக்கு வந்துச்சு. கத்திச்சண்டை விளையாட்டுக்கும் அதே பேருதான். திருட்டுச் சாமான் வாங்கி விக்கிறவனையும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“அடேயப்பா! ஒரு வார்த்தைக்கு அம்புட்டுப் பொழப்பா!” என்று சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ‘காப்பாத்துறது’ என்பது மட்டும்தான் காதில் நின்றது. காப்பதுதானே வேலி, அப்புறம் அதிலே என்ன பாவம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள மனுசனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. ஆள் யாரையும் கூப்பிடவில்லை. தம்பிதான் கையாள். யாருக்கு வேலி என்று தெரியாமல் அந்தப் பிள்ளை அவ்வளவு குஷியாகக் கட்டுக்கம்பியை வெட்டி வெட்டிக் கொடுத்தான். பால்ச்சாமியால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கடைசியில் கேட் வைக்கிற இடம் மட்டும் பாக்கி. கேட் இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை. வரும்வரை அந்த இடத்தையும் கம்பிவலையால் அடைத்துவிடலாம் என்று நினைத்தார்.

வலை கட்டும்போது ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நிற்க வேண்டும். இவர் உள்ளே நின்று கம்பியை நீட்டுவார், தம்பி வெளியே வாங்கி வளைத்துத் திருப்பித் தருவான். இவருக்கு இருபது வருசத் தொழில், கை தானாக ஓடும். குனிந்த தலை நிமிராமல் கடைசி முடிச்சையும் முறுக்கிவிட்டுத்தான் பார்த்தார். தம்பி வெளியே நிற்கிறான்.

அடச்சே, யாருக்காகக் கட்டினோமோ அவனையே வெளியே விட்டுவிட்டோமே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. விக்னேஷ்வரன் சிரிக்கவில்லை. வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். உதடு பிதுங்கியது.

“அண்ணே... உன்னைய அடைச்சுட்டாங்களே!”

“இல்லலே, இது வந்து...”

“அழாதண்ணே. நான் பிரிச்சு விடுதேன்.” அழுதது அவன்தான். வெறும் விரலால் முடிச்சைத் திருகினான். கம்பி கீறி ரத்தம் கசிந்தது. விடவில்லை.

சத்தம் கேட்டு ஈஸ்வரி ஓடிவந்தாள். பார்த்தாள். “கையெல்லாம் ரத்தமா இருக்கு, அந்தக் குறட்டையாவது குடுங்க” என்றாள்.

பால்ச்சாமி கம்பி முறுக்குகிற குறட்டை வலைக்கு மேலாக நீட்டினார். “இந்தா, இதவச்சு முறுக்குலே. இடது பக்கமாத் திருப்பு.”

ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். வலை சரிந்ததும் அண்ணன் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். இழுத்த கையை விடவில்லை.

“இனிமே தனியாப் போவாதண்ணே. என்னையக் கூட்டிட்டுப் போ.”

“சரிலே” என்றார் பால்ச்சாமி. “நாளைக்கு டீச்சர் வீட்டுல வேலை இருக்கு. வெள்ளனாவே எந்திரிச்சிரு.”