தம்பியின் கஞ்சி

அம்மாவுக்காக ஆரோரூட் மாவைக் கரைத்துக் கிண்டும்போது எழுந்த வாசனை, என்னைப் பழைய அல்சூர் வீட்டுக்கே இழுத்துப்போய்விட்டது.

என் தம்பி சூசைக்குச் சின்ன வயதில் எதுவுமே செரிக்காது. எங்களுக்குக் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். அவனுக்கு மட்டும் பால் விட்ட ஆரோரூட் கஞ்சி, ஓமம் போட்ட மோர். அம்மா மடியில் வைத்து ஊட்டுவாள். சாப்பிட்டது செரிக்க வேண்டுமென்று சாயங்காலம் கையைப் பிடித்து ஏரிக்கரையில் நடத்திக்கொண்டு போவாள். நான் வாசலில் நின்று வயிறெரியப் பார்ப்பேன்.

ஒருநாள் கோயிலில் முழங்காலிட்டு, "மாதாவே, எனக்கும் அந்த வயித்து நோவைக் கொடும்" என்று வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன்.

அம்மா பதறித்தான் போனாள். கஞ்சியும் வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"என்னடி, ஆன்னு பாக்கிற? பெரியவதானே நீ, எடுத்துக் குடி" என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் போய்விட்டாள். அந்தக் கஞ்சி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இப்போது செரிக்காதது அம்மாவுக்கு. நான்தான் ஊட்டுகிறேன். இன்றைக்கு நாலு கரண்டி வாங்கியதும் வாயை மூடிக்கொண்டாள்.

"போதும் மேரி. மிச்சத்தைச் சூசைக்கு எடுத்து வை. பாவம், அவன் வயிறு தாங்காது."

"நேத்துகூட ரெண்டு தட்டு பிரியாணி தின்னான்மா."

"கண்ணு வைக்காதடி!"

சரி என்று அடுக்களைக்குப் போனேன். மாதா மன்னிக்கட்டும், நின்றபடியே அத்தனையையும் நானே குடித்துவிட்டேன்.