புகைபோக்கித் தகடு

எங்கள் ஏரிக்கரையில் ஹெல்வியைக் குறை சொல்ல ஆள் தேடினால் கிடைக்காது. நான் சொல்வேன், ஆனால் நான் எல்லாரையும் குறை சொல்கிறவள், என்னைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பசு கன்று போட முடியாமல் தவித்தால் அவளைத்தான் கூப்பிடுவோம். காய்ச்சல் வீட்டுக்குக் கஞ்சிப் பானையோடு முதலில் வந்து நிற்பவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் மூன்று குளிர்காலம் சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தே புருஷனைச் சாகக் கொடுக்கப் பார்த்தாள். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் விசேஷம்.

புருஷன் வில்ஹோ ஆடுநாற்காலி செய்கிறவன். முற்றத்தின் கோடியில், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனுடைய மரப் பட்டறை நின்றது. ஊதல் காற்று என்றால் அவனுக்கு ஜென்மப் பகை. உருளைக்கிழங்கு தோண்டி முடித்த மறுநாளே ஆரம்பித்துவிடுவான். காற்று நுழையாமல் சுவர்க் கட்டைகளின் இடுக்கில் காய்ந்த பாசியைத் திணிப்பான். ஜன்னலுக்கு உள்ளே இரண்டாவது கண்ணாடியை மாட்டுவான். ஈரம் இழுக்க நடுவில் கொஞ்சம் வெள்ளைப் பாசி வைத்து, ஓரமெல்லாம் மாவுப் பசை தடவி காகிதப் பட்டை ஒட்டுவான். பிறகு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோடு சுவராக நடப்பான். சுடர் எங்கே தலையை ஆட்டுகிறதோ அங்கே இன்னொரு பிடி பாசி. அவன் பெண்டாட்டியைக்கூட அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை என்று நாங்கள் சிரிப்போம். ஆனால் காரணம் இருந்தது. பசை காய்ச்சி மரத்தை ஒட்டுகிற வேலை. அறை குளிர்ந்தால் மூட்டு சேருவதற்குள் பசை கட்டிப்போய்விடும்; நாற்காலி ஒரு வருஷம் தாங்காது.

சூட்டைக் காப்பாற்ற ஜன்னலும் சுவரும் மட்டும் போதாது. அறையைச் சூடாக்கும் அடுப்பில் விறகு எரிந்து தணலானதும் அதன் புகைபோக்கியின் தகட்டைத் தள்ளி மூட வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். எப்போது மூடுவது என்பதுதான் விஷயம். தணலின் மேல் நீலச் சுடர் துளி இருந்தாலும் மூடக் கூடாது. மூடினால் மணமில்லாத விஷம் அறையில் இறங்கும், தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். எங்கள் ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்தும் மூடுவோம். காட்டிலிருந்து விறகு சுமந்து வந்தவனுக்குத்தான் சூடு போவதைப் பார்க்கிற வலி தெரியும்.

அந்த ஜனவரியில் ஹெல்வியின் தம்பி ஆர்மஸ் சறுக்குவண்டியில் பிர்ச் மரப் பலகை ஏற்றிக்கொண்டு வந்தான். மீசையெல்லாம் பனி. பட்டாணி சூப்பைக் குடித்துவிட்டு உடம்பைக் காயவைக்கப் பட்டறைக்குப் போனான். வில்ஹோ அப்போதுதான் ஒரு நாற்காலியைக் கொடுக்கத் தேவாலயப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் போன கொஞ்ச நேரத்தில் ஹெல்வி காபி எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனாள். தம்பி மரச் சீவல் குவியலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அடுப்பில் தணல். தகடு திறந்தே இருந்தது. பக்கத்தில் அன்று காலை ஒட்டிய நாற்காலி, கயிறு கட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. சூடு வீணாகப் போகிறதே, வில்ஹோ வந்தால் கத்துவானே என்று அவள் தகட்டைத் தள்ளினாள். தணலின் ஓரத்தில் ஒரு நீலம் தெரிந்தது. பார்த்தாள். இத்தனூண்டுதானே என்று நினைத்தாள்.

வில்ஹோ திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஆர்மஸின் கன்னம் ஆப்பிள் மாதிரி சிவந்து கிடந்தது. காலைப் பிடித்து இழுத்துப் பனியில் போட்டான். நாங்கள் ஓடினோம். ஆர்மஸ் வாந்தியெடுத்தான், முனகினான், பிழைத்தான். வில்ஹோ உள்ளே போய்த் தகட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"நான்தான் மூடியிருக்கேன். கிளம்புற அவசரத்துல, கைப்பழக்கத்துல மூடியிருக்கேன்."

எத்தனையோ வருஷமாக அவன் கை தானாகச் செய்கிற வேலை. அன்று செய்தானா இல்லையா என்று அவனுக்கே நினைவில்லை. ஹெல்வி தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தம்பி முதலில் கண் திறக்கட்டும் என்று நினைத்தாளாம். கண் திறந்தபின், காலையில் சொல்லலாம் என்று. காலையில் அந்த வார்த்தை இன்னும் கனத்துப்போயிருந்தது.

ஆர்மஸுக்கு உயிர் தங்கியது, மூக்குதான் போயிற்று. எதுவும் மணக்காது. ஆனால் வாய் இரண்டு மடங்கு வளர்ந்தது. சனிக்கிழமைதோறும் நீராவிக் குளியலுக்கு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். குளித்து முடித்துக் காபிக்கு உட்கார்ந்ததும் கோப்பையை மூக்குக்கு நேரே தூக்குவான்.

"என்ன மச்சான், இது காபியா, ஏரித் தண்ணியா? உன் புண்ணியத்துல எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"மன்னிச்சுக்கோ, ஆர்மஸ்."

"மன்னிச்சுட்டேன், மன்னிச்சுட்டேன். அந்தப் பெரிய ரொட்டித் துண்டை இப்படித் தள்ளு."

பக்கத்து வீட்டுக்காரி என்கிற உரிமையில் நானும் அந்த மேஜையில் இருப்பேன். ஒவ்வொரு முறையும் ஹெல்வி எழுந்துபோய் அடுப்பில் எதையாவது கிளறுவாள், ஒன்றுமில்லாத பானையைக்கூட. தம்பி மேல் கோபம் என்று நினைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன, ஆனால் ஹெல்வியின் நெஞ்சை யார் சந்தேகப்படுவார்கள்.

வில்ஹோ செய்ததுதான் கொடுமை. ஜன்னலின் காகிதப் பட்டையைக் கிழித்தான், உள் கண்ணாடியைக் கழற்றினான், சுவரில் திணித்த பாசியைப் பிடுங்கினான். அடுப்பையே மூட்டவில்லை. மூக்கில் நீர் உறைகிற குளிரில், ரோமத் தொப்பியோடு, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வேலை செய்தான். சட்டியிலிருந்து எடுத்த பசை தூரிகையிலேயே கட்டிப்போனது. வாங்கிப் போன நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வில்ஹோ நாற்காலி ஆட்டாது, ஆளைக் கவிழ்க்கும் என்று கடைத்தெருவில் பேச்சு. அவன் கோபப்படவில்லை, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டான், தனக்கு வர வேண்டியதுதான் என்பது போல. இருமலும் வந்தது. முதல் குளிர்காலத்தில் காலையில் மட்டும். மூன்றாவதில் என் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஊர்த் தாதி வந்து அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். வெளியே வந்து ஹெல்வியிடம், "இன்னொரு குளிர்காலம் அந்தப் பட்டறையில அப்படி நின்னா, பனி உருகி லைலாக் பூக்குறத அவர் பார்க்க மாட்டார்" என்றாள்.

மறுநாள் வில்ஹோ மீன் வலை எடுக்க ஏரிக்குப் போன நேரம் ஹெல்வி என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாக இடுக்குகளில் பாசி திணித்தோம், உள் கண்ணாடியை மாட்டினோம், பசை காய்ச்சிக் காகிதம் ஒட்டினோம். மெழுகுவர்த்தியோடு அவளே சுவரோரம் நடந்தாள். சுடர் எங்கும் ஆடவில்லை.

வில்ஹோ வந்து பார்த்தான். ஜன்னல் பட்டையில் நகத்தை வைத்து ஒரு முனையைக் கிழித்தான்.

"கிழிக்காத, வில்ஹோ."

"ஒரு ஆளைக் கொல்லப் பார்த்த கை இது. இதுக்கு என்ன சூடு வேண்டிக் கெடக்கு?"

ஹெல்வியின் உதடு அசைந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பசைச் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது. இன்னும் கொஞ்சம் போராடியிருக்கலாமே என்று நினைத்தேன். எதோடு போராடிக்கொண்டிருந்தாள் என்று எனக்கெப்படித் தெரியும்.

அன்று சனிக்கிழமை. குளியல் முடிந்து மேஜையில் உட்கார்ந்தோம். வில்ஹோ குனிந்து இருமிக்கொண்டிருந்தான். ஆர்மஸ் வழக்கம்போலக் கோப்பையைத் தூக்கினான்.

"என்ன மச்சான், இன்னிக்காவது இது காபிதானா? நீ அந்தத் தகட்டை..."

"நான்தான் மூடினேன்" என்றாள் ஹெல்வி.

ஆர்மஸ் சிரித்தான். "எதை? சட்டியையா?"

"தகட்டை. நீ தூங்கிட்டிருந்தே. இவர் போயிட்டார். நான் உள்ள வந்து மூடினேன்."

வில்ஹோ இருமலை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான்.

"நீலம் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கவனிக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மூடினேன். அதுக்கப்புறம் தினமும் உன்னையும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். நீ பேர் கெட்டு, குளிர்ல நின்னு சாகுறதையும் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன். பயம், வில்ஹோ. வேற ஒண்ணுமில்ல. வெறும் பயம்."

வில்ஹோ எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இனி வரமாட்டான் என்றே நான் நினைத்தேன். ஹெல்வி அழவில்லை, கல்லாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தால், பட்டறைப் புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்தில் முதல் புகை.

அவன் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். ஆறிப்போன காபியைக் குடித்தான்.

ஆர்மஸ் தொண்டையைச் செருமினான். "அப்போ இத்தனை நாள் தப்பான ஆளையா திட்டிட்டிருந்தேன்? இனிமே நான் யாரைத் திட்டுறது?"

"என்னையே திட்டு" என்றான் வில்ஹோ. "எனக்குப் பழகிப்போச்சு."

அப்போதுதான் ஹெல்வி அழுதாள். அவன் தேற்றவில்லை. அவ்வளவு சுலபமாகத் தேற்றிவிடக்கூடியதா அது? அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, பட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்று கூப்பிட்டான்.

"ஹெல்வி, வா. விறகு தணலாயிடுச்சு. நீலம் போயிடுச்சான்னு நீ பார்த்துச் சொல்லு."

அவள் போனாள். அடுப்பின் முன் மண்டியிட்டுத் தணலைப் பார்த்தாள். எங்களுக்கும் மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போய்ப் பட்டறை வாசலில் நின்றோம். என் கண்ணுக்கு எந்த நீலமும் தெரியவில்லை. வெறும் சிவப்பு, அதன் மேல் சாம்பல். ஹெல்வி கையைத் தகட்டின் பிடிவரை கொண்டுபோவாள், இழுத்துக்கொள்வாள்.

"இன்னும் கொஞ்சம் இரு" என்றாள்.

வில்ஹோ இருந்தான். சூடெல்லாம் புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருந்தது. ஒரு இடுக்குக் காற்றுக்காக உலகத்தையே திட்டுகிறவன், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.