அடியில் நெருப்பு, மேலே ஐஸ்

ஓடுகிற பொருளைச் சும்மா விடத் தெரியாத கை எனக்கு. டிரான்சிஸ்டர் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தாலும் அதன் முதுகைக் கழற்றிப் பார்த்தால்தான் சோறு இறங்கும். தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் செய்தி கேட்டுவிடுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில், கரண்டே வராத ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். பெட்ரோமாக்ஸ், ஸ்டவ், டாக்டரின் கைக்கடிகாரம், எது மக்கர் பண்ணினாலும் என்னிடம்தான் வரும். அதில் கொஞ்சம் திமிர் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் செல்லம் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ். அடியில் விளக்கு எரியும். அந்தச் சூட்டை வைத்தே மேலே பெட்டி குளிரும். மருந்து வாங்க வருகிற மலைக்காரர்கள் குனிந்து நெருப்பைப் பார்ப்பார்கள், நிமிர்ந்து ஐஸைத் தொடுவார்கள். "அடியில நெருப்பு, மேல ஐஸு. இன்னா கூத்துய்யா இது!" என்பார்கள். நானே கண்டுபிடித்ததுபோல் விளக்கம் சொல்வேன். போலியோ சொட்டு மருந்து அதற்குள்தான் இருந்தது. குளிர் போனால் அந்த மருந்து செத்துவிடும்.

மண்ணெண்ணெய் ஆலங்காயத்திலிருந்து ஜீப்பில் வரவேண்டும். மழை பிடித்தால் ஜீப் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எண்ணெயை மிச்சம் பிடிக்க எனக்கு ஒரு யோசனை உதித்தது. பால்பவுடர் டின் ஒன்றை வெட்டிச் சுருட்டி, விளக்கின் புகைபோக்கிக்குள் செருகினேன். சூடு வெளியே ஓடாமல் நிற்கும், திரியைக் குறைத்தால் போதும். ஒரு வாரம் ஜோராக ஓடியது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு "பலே!" என்றார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் செங்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்குக் கிளம்பினேன். திங்கட்கிழமை காலையில்தான் திரும்பினேன்.

கதவைத் திறந்ததும் கரிவாடை. என் தகரம் புகைபோக்கியைக் குறுக்கியதில் கரி அடைத்து, விளக்கு அணைந்துபோயிருந்தது. ஐஸ் தட்டில் வெறும் தண்ணீர். விரலை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. எப்போது அணைந்தது? சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? பார்க்க ஆளில்லை. டாக்டர் திருப்பத்தூருக்கு மீட்டிங் போயிருந்தார். எங்கள் நர்சக்கா சொட்டு மருந்து ஊற்றுவதற்காக ஊர் ஊராகப் போய்க் குழந்தைகள் பேரை எழுதிக்கொண்டிருந்தார்.

தகரத்தைப் பிடுங்கி எறிந்தேன். கரியைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தேன். குளிரவில்லை. வாணியம்பாடி மெக்கானிக் ஒருவர் எப்போதோ சொன்ன வைத்தியம் ஞாபகம் வந்தது: இந்த மாதிரி ஃபிரிட்ஜ் அடம் பிடித்தால் ஒருநாள் தலைகீழாகக் கவிழ்த்து வை. மருந்துப் புட்டிகளை வெளியே எடுத்துவிட்டு அப்படியே வைத்தேன். செவ்வாய்க்கிழமை நிமிர்த்தி விளக்கேற்றினேன். புதன்கிழமை காலை ஐஸ் பிடித்திருந்தது. ஐயோ, அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. மருந்தை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. புட்டிகளைத் துடைத்துத் திரும்ப உள்ளே அடுக்கினேன். பால் கெட்டால் திரியும், மீன் கெட்டால் நாறும். இந்த மருந்து மட்டும் அதே வெளிர் சிவப்பில் நல்ல பிள்ளையாக நின்றது.

மறுநாள் நர்சக்கா ஐஸ் பெட்டியோடு வந்தார். "இன்னா தம்பி, மருந்து நல்லா இருக்குதா?"

"ஜில்லுனு இருக்குதுக்கா," என்றேன். அது பொய் இல்லை. அதைவிட மோசம்.

பெட்டியைத் தூக்க என்னையும் கூட்டிப்போனார். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். புளியமரத்தடியில் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எட்ட நின்றார்கள். பின்னால் பிள்ளை பிறக்காமல் இருக்கத்தான் இந்த மருந்து என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நர்சக்கா கோபப்படவில்லை. தன் ஒரு வயது மகளைத் தூக்கி வந்திருந்தார். "எம் பொண்ணுக்கே மொதல்ல ஊத்தறேன், கண்ணால பாருங்க," என்று அவள் வாயைப் பிளந்து சொட்டை விட்டார். குழந்தை சப்புக்கொட்டியது. பெண்கள் சிரித்தார்கள், கிட்டே வந்தார்கள். பதினெட்டுக் குழந்தைகள். ஒவ்வொரு வாய் திறக்கும்போதும் "நிறுத்துங்க" என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். புட்டியை எடுத்து எடுத்துக் கொடுத்தது என் கைதான்.

அதற்குப் பிறகு என்னைப் பிடித்தது பயம். சளிக்கு மருந்து கேட்டு வந்தாலும் "கொழந்த கால ஆட்டுதா?" என்றுதான் முதலில் கேட்பேன். பத்து நாள் கழித்து ஜீப் டிரைவர் சொன்னார்: ஆலங்காயம் பக்கம் ஒரு குழந்தைக்கு இளம்பிள்ளைவாதம், ஒரு கால் துவண்டுவிட்டதாம். நோய் மலையடிவாரத்தில் நிற்கிறது. பஸ் ஏறி வர எவ்வளவு நேரமாகும்? அன்றைக்குக் கழற்றிய டிரான்சிஸ்டரை மாட்டாமலே மூலையில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை நர்சக்கா வேலைக்கு வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள். குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். பாயில் கிடந்தாள். வலது காலை மடக்கி மடக்கி நீட்டினாள். இடது கால் அப்படியே கிடந்தது. வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: தகரம், கரி, வெதுவெதுப்பான தண்ணீர், எல்லாம்.

நர்சக்கா என்னைப் பார்க்கவில்லை. மகளின் இடது பாதத்தைக் கையில் எடுத்து நகத்தால் கீறினார். அசையவில்லை. இன்னொரு தடவை, அழுத்தி. வெடுக்கென்று அந்தக் காலை இழுத்துக்கொண்டு குழந்தை வீறிட்டது. நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"என் கை வேல தப்பாப் போச்சுன்னு சொல்ல வாய் வரலக்கா."

"இவ எங் கண்ணு முன்னால கெடக்கறா, பாத்துக்குவேன். அங்க பதினெட்டு இருக்குதேடா, பாவி."

அன்றே டாக்டரிடம் சொன்னோம். அவர் திட்டிய திட்டு எனக்குப் போதாது என்றே பட்டது. இரண்டு நாளில் திருப்பத்தூரிலிருந்து புது மருந்து வந்தது. காய்ச்சல் விட்ட மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நர்சக்கா முன்னால் நடந்தார். பெட்டியோடு நான் பின்னால். அதே புளியமரத்தடி. பெண்கள் இந்த முறை சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

"நீயே சொல்லு," என்றார் நர்சக்கா.

சொன்னேன். "அன்னிக்கு ஊத்துன மருந்து செத்துப்போன மருந்து. கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியும். தப்பு என்னுது. இன்னிக்கு நல்லது கொண்டாந்துருக்கறோம். மறுபடி ஊத்தணும்."

யாரும் கத்தவில்லை. அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன தடவை வரிசையில் முதலாவதாக வந்தவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"எங் கொயந்த வாயத் தொறந்தப்போ நீ இங்கதான நின்னுகினு இருந்த?"

பெட்டியைக் கீழே இறக்கி மூடியைத் திறந்தேன். பதினோரு பேர் தயங்கித் தயங்கிக் குழந்தைகளை நீட்டினார்கள். மற்றவர்கள் நீட்டவில்லை, அவளும் நீட்டவில்லை. நர்சக்கா தன் மகளுக்கு மறுபடி ஊற்றிக் காட்டியும், பின்னாலேயே போய்க் கெஞ்சியும், அவள் திரும்பவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சாமை வயலின் வரப்பில் நடந்தாள். அதன் இரண்டு கால்களும் அவள் இடுப்பின் இரு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தன. அவள் மறைகிறவரை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.