மூன்று நாகையாக்கள்

ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் காலனியில் ஹவில்தார் நாகையா என்றால் எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பனியை வெட்டி ஒதுக்கிய பாதையில், ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் பாதாளமுமாக, லடாக்கில் லே வரைக்கும் மண்ணெண்ணெய் பீப்பாய் ஏற்றிக்கொண்டு போனவர். அவருடைய அப்பா கடைசிவரை பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு ஏர் பிடித்தார். மகன் அனுப்பிய சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம் முதன்முதலாக ஒரு துண்டு மேட்டு நிலத்தைத் தன் பெயரில் பார்த்தது. ஓய்வு பெற்று வந்த நாகையா, ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். மகள் கௌசிகாவும் அங்கேயே வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தாள். இனிமேல் ஒன்றும் குறையில்லை என்றிருந்த நேரத்தில் மனைவி செங்கம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. தண்ணீர்தான் காரணம் என்றார்கள் ஊரில். டாக்டர்கள் ரத்தக்கொதிப்பு என்றார்கள். எதுவானாலும் வாரத்துக்கு மூன்று முறை திருப்பதி போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ராணுவ அட்டை இருந்ததால் சிகிச்சைக்கு யாரும் காசு கேட்கவில்லை. கொன்றது தூரம்தான். விடியும்போது பஸ் ஏறினால் காளஹஸ்தி தாண்டித் திருப்பதி போய்ச் சேர வெயில் ஏறிவிடும். நாலு மணி நேரம் ஊசி குத்திய கையோடு படுத்திருந்துவிட்டு, மறுபடியும் அதே பஸ். திரும்பும்போது செங்கம்மாவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு இழுக்கும். வாந்தி வரும். பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்துக்கொண்டு நாகையா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அந்த பஸ்ஸில் அதே வியாதியோடு போகிறவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். சத்தியவேடு பக்கத்திலிருந்து வரும் ஜமீலா என்கிற தையல்காரப் பெண் செங்கம்மாவுக்குச் சிநேகிதியாகிவிட்டாள். ஒரு நாள் திரும்பி வரும்போது ஜமீலா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். தூங்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இறங்கவேண்டிய இடம் வந்து கண்டக்டர் தோளைத் தொட்டபோது உடம்பு சரிந்தது. செங்கம்மா அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள்.

"அடுத்தது நான்தான்யா," என்றாள். "பஸ்ஸுலதான் எனுக்கும்."

நாகையா மனு எழுதினார். வரதய்யபாளையத்திலேயே ஒரு டயாலிசிஸ் மையம், நாலு மிஷின் போதும் என்று. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைகளில் வரிசையில் நின்றார். சித்தூரில் முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்துக்குப் போனார். எல்லா இடத்திலும் மரியாதையாகவே பேசினார்கள். கடைசியில் ஒரு அதிகாரி, எம்.பி. மனசு வைத்தால்தான் நடக்கும் என்றார். எம்.பி. ஆபீஸில் பல முறை காத்திருந்தும் எம்.பி.யின் செருப்பைக்கூட நாகையா பார்க்கவில்லை.

தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த சமயம், தொழிற்சாலையின் காவலர் அறையில் அவர் சொன்னார்: "பேசாம நானே நின்னுட்றேன். இது தனித் தொகுதிதானே. நமக்கில்லாத உரிமையா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர் வேதாச்சலம் மட்டும்தான். அவர் அந்தத் தொழிற்சாலைக்குக் காவலாட்களை அனுப்பும் காண்ட்ராக்டர். அவரும் முன்னாள் சிப்பாய்தான். வேலையில்லாமல் இருந்த நாகையாவைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர்.

"நெஜமா நிக்கிறியா நாகையா?" என்று கேட்டார். "நின்னா சொல்லு. நான் கீறேன்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சுயேச்சையாக நிற்பவருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அந்தப் பத்துப் பேரை வேதாச்சலமே கூட்டி வந்தார். டெபாசிட் கட்டினார். ஒரு ஜீப் கொடுத்தார். போஸ்டரில் ராணுவ உடுப்போடு இருக்கும் படத்தைப் போடலாமா என்று நாகையா கேட்டதற்கு, அதெல்லாம் சட்டப்படி கூடாது என்று சொல்லிவிட்டு, படமே இல்லாமல் பெயரை மட்டும் பெரிதாக அச்சடித்தார். நாகையாவுக்கு அது கொஞ்சம் வருத்தம். ஆனால் தனக்காக ஒரு மனிதர் இவ்வளவு செய்கிறாரே என்ற நெகிழ்ச்சியில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளர் பெயரும் நாகையாதான். செங்கம்மாதான் அதைச் சொன்னாள்.

"அவுரு பேரும் உம் பேருதானேய்யா. குழப்பமாவாதா?"

"இந்தப் பக்கம் தெருவுக்கு ரெண்டு நாகையா கீறான். அவுரு அவுரு, நான் நான்."

வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிற்பகலில், சின்னம் ஒதுக்குவதற்காகத் திருப்பதி கலெக்டர் ஆபீஸுக்கு வரச்சொன்னார்கள். நாகையா துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வயசானவர். முழங்கை வரை காய்ப்பு ஏறிய கை. புதுச் சட்டையில் கடையின் விலைச்சீட்டைக்கூட எடுக்கவில்லை. அவராகவே பேச்சுக் கொடுத்தார், பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும். கூடூரில் மூட்டை தூக்குகிறவராம்.

"நீங்களும் கேண்டிடேட்டா சார்?"

"ஆமா."

"மீ பேரு?"

"நாகையா."

கிழவர் முகம் மலர்ந்தது. "நா பேரு கூட நாகையாதான். உங்களையும் வேதாச்சலம் சார்தான் கூட்டியாந்தாரா?"

நாகையா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் சார். எனக்குப் படிப்பு ராதுன்னேன். படிப்பெல்லாம் வேணாம், பேரு மட்டும் போதும்னாரு. கட்சி நாகையா ஓட்டு கொஞ்சம் தப்பி நமக்கு வந்தா போதுமாம். மத்ததெல்லாம் எதிர்க்கட்சிக்காரங்க பாத்துப்பாங்களாம்." சொல்லிவிட்டு நாகையாவின் முகத்தைப் பார்த்தவர், "ஏமாயிந்தி சார், என்னாச்சு? உங்களுக்கு இது தெரியாதா?" என்றார்.

பனிப்பாதையில் ஒரு முறை பிரேக் பிடிக்காமல் லாரி சரிந்தது அந்த வராந்தாவில் ஞாபகத்துக்கு வந்ததாகப் பிற்பாடு நாகையா சொல்வதுண்டு. அவர் எழுந்து உள்ளே போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாவிடம், தன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றார்.

"டைம் ஐப்போயிந்தி சார்," என்றார் அந்த அம்மா. சோர்ந்த குரல், ஆனால் கடுமை இல்லை. "இனிமே எடுக்க முடியாது. உங்களுக்குப் பச்சை மிளகாய் வந்திருக்கு. இங்க கையெழுத்துப் போடுங்க."

நாகையா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வேதாச்சலத்தின் வீட்டுக்கே போய் ஜீப் சாவியை மேஜைமேல் வைத்தார். வேதாச்சலம் மறுக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"இதுல உனுக்கின்னா நஷ்டம்? மிஷினு மிஷினுன்னு நாலு ஊர்ல பேசணும்ன. பேசு. எனுக்கு ஆவறது எனுக்காவுது."

"நீயும் பட்டாளத்துல இருந்தவன்தானே."

"இருந்தேன். இப்ப இல்ல. நீயும் இல்ல." மேஜைமேல் இருந்த சாவியைக் காட்டினார்: "சாவிய வெச்சுட்டுப் போனா வேலையும் இல்லப்பா. பாத்துக்க."

நாகையா வேலையில்லாமல் வீட்டுக்கு வந்தார்.

அதற்கப்புறம் அவர் செய்ததை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் பஸ் பிடித்தும், நடந்தும், ஊர் ஊராகப் போனார். டீக்கடை முன்னால், ரேஷன் கடை வரிசையில், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில் நின்று தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பேசினார்.

"என் பேரு நாகையா. ஆனா நீங்க நெனக்கிற நாகையா நான் இல்ல. மூணு பேரு கீறோம். கட்சி நாகையாவுக்குப் போடணும்னா அவுரு சின்னத்த நல்லா பாத்துப் போடுங்க. உங்கள ஏமாத்தறதுக்குத்தான் என்ன நிக்க வெச்சிருக்காங்க, அது எனுக்கே அப்புறந்தான் தெரியும். நம்ம ஊருக்கு டயாலிசிஸ் மிஷினு வேணும்னு நெனக்கிறவங்க மட்டும் மிளகாயில போடுங்க. இல்லன்னா எனுக்குப் போடாதீங்க."

"ஓட்டு கேக்க வந்தவன் போடாதன்னு சொல்றாம்பா," என்றான் ஒருவன். அவன் பெயர் கோபிகிருஷ்ணன். நாகையாவின் காலனியிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவன். கூட்டம் சிரித்தது. நாகையா சிரிப்பு அடங்கும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பேசினார்.

கட்சி நாகையாவின் ஆட்கள் காளஹஸ்தியில் அவரை மறித்துக்கொண்டார்கள். டம்மி, டம்மி என்று கூவினார்கள். ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்தான். "நுவ்வு எந்தக்கி அம்முடு போயாவு ரா," எவ்வளவுக்கு விலைபோனாய் என்று கேட்டான். தன் வயதில் பாதிகூட இல்லாத பையன் 'ரா' என்று டா போட்டுப் பேசியதை நாகையா தாங்கிக்கொண்டார். உங்கள் தலைவரை ஒரு தரம் பார்க்கவிடுங்கள், மிஷின் கொண்டுவருகிறேன் என்று அவர் வாயால் சொன்னால் இப்போதே அவருக்கு ஓட்டுக் கேட்கிறேன் என்றார். அவர்கள் அவரைப் பிடித்துச் சாக்கடை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

செங்கம்மாவைத் திருப்பதிக்குக் கூட்டிப்போகிற நாட்களில் மட்டும் பிரச்சாரம் கிடையாது. டயாலிசிஸ் வார்டில், ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்க, அவள் கேட்டாள்.

"தொண்ட கட்டிப்போச்சே. இன்னாத்துக்குயா இப்டி கத்திக்கினு திரியிற? தப்பாவே போடட்டும். தப்பா போட்டாலும் ஓட்டு ஓட்டுதானே."

"அது திருட்டு செங்கம்மா."

"திருடி எடுத்தாந்த மிஷினா இருந்தாலும் எனுக்கு வேணாம்னு நான் சொல்ல மாட்டேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நீ வெளிய நின்னுக்கினு கீற. நான் இதுல மாட்டிக்கினு கீறேன். உனுக்கு மானம் பெருசா கீது."

நாகையா எழுந்து வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சொன்னது தப்பு என்று அவரால் சொல்ல முடியவில்லை. தான் செய்வது தப்பு என்றும் தோன்றவில்லை. திரும்பி வந்து, பிளாஸ்டிக் பை தோள்பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

கட்சி நாகையாவே ஜெயித்தார், பெரிய வித்தியாசத்தில். வேதாச்சலமும் அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் செய்த சூழ்ச்சிக்கு ஒரு பலனும் இல்லாமல் போயிற்று. பச்சை மிளகாய்க்குச் சில ஆயிரம் ஓட்டுகள் விழுந்திருந்தன. கூடூர்க் கிழவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. கௌசிகா தன் போனில் வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கைத் தேடி எடுத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். தொகுதியின் மறுகோடியில் சர்வேபள்ளிப் பக்கம், நாகையா கால் வைக்காத ஊர்களில், பெயர்க் குழப்பத்தில் ஓட்டுகள் கொத்துக் கொத்தாக விழுந்திருந்தன. அவர் நின்று பேசிய ஊர்களில் சொற்பம். சொந்தக் காலனி பூத்தில் பதினேழு.

"பதினேழு பேரு தெரிஞ்சு போட்டுக்கீறாங்க நைனா," என்றாள் கௌசிகா.

"நம்ம வீட்டுது மூணு."

"பதினாலு."

"உங்க அம்மா மிளகாயிலதான் போட்டாளா?"

கௌசிகா போனை அணைத்தாள். "அத அம்மாவையே கேளு."

அவர் கேட்கவில்லை.

ஜெயித்தவருக்கு நடந்த பாராட்டு விழாவில் நாகையா மனுவோடு போய் வரிசையில் நின்றார். உதவியாளர் மனுவை வாங்கும்போது முகத்தைப் பார்த்து, "மீரு மிர்ச்சி நாகையா கதா?" என்றார், மிளகாய் நாகையா நீங்கள்தானே என்று. ஆமாம் என்றார் நாகையா. மனு மற்ற மனுக்களோடு ஒரு அட்டைப் பெட்டிக்குள் போயிற்று.

அந்த வருஷம் கார்த்திகை மழை நிற்காமல் பெய்தது. ஏரி உடைத்துக்கொண்டு காளஹஸ்தி ரோட்டின் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடியது. பஸ் நின்றுவிட்டது. செங்கம்மாவுக்கு ஒரு டயாலிசிஸ் தவறியது, அடுத்ததும் தவறியது. முகம் உப்பி, மூச்சு வாங்கத் தொடங்கியபோது, நாகையா ஒரு டிராக்டர் பிடித்து, டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, அவளைப் படுக்கவைத்துத் தானே ஓட்டினார். தடா வழியாகச் சுற்றிப் போனால் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். கௌசிகா பின்னால் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"நைனா, நிறுத்து," என்று அவள் சொன்னபோது நெடுஞ்சாலை விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. நாகையா நிறுத்தவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். அவர் நெடுஞ்சாலைவரைக்கும் ஓட்டிப்போய், அங்கே ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கிவந்து பார்த்தார்.

கருமாதி முடிந்தது. முன்பு திருப்பதிக்குப் பஸ் ஏறிய கிழமைகளில் மட்டும் நாகையா விடியுமுன் எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்.

தை பிறந்தபின் ஒரு நாள் கோபிகிருஷ்ணன் வந்து நின்றான். அவன் மனைவி கல்பனாவுக்கும் டயாலிசிஸ் தொடங்கச் சொல்லிவிட்டார்களாம். கைக்குழந்தைக்காரி. அவனுக்கு ஷிப்ட் வேலை, லீவு போட்டால் வேலை போய்விடும்.

"நீ திருப்பதிக்குப் போய்வந்த ஆளு. மொத ரெண்டு மூணு தரத்துக்குக் கூடப் போய் வரியாண்ணா? எங்க போறது, யாரப் பாக்கறதுன்னே எங்களுக்குத் தெரியல."

நாகையா அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"நீ எனுக்கு ஓட்டு போட்டியாடா?"

கோபிகிருஷ்ணன் தலை குனிந்துகொண்டான். "இல்லண்ணா."

"சரி." நாகையா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "காலைல வெறும் வயித்துல வர வேணாம்னு சொல்லு. ரெண்டு இட்லியாவது துன்னுட்டு வரட்டும். தண்ணி மட்டும் கொறச்சலா. கொழந்தய யாருகிட்ட விட்டுட்டு வருவா?"